குறைமாதக் குழந்தையின் குடலும் குருதிக் குழாயும்

நாள் நிரம்புமுன் பிறந்த குழந்தையொன்று மெல்ல மெல்லப் பால் அருந்தி, எடையும் ஏறி வருகிறது. இரண்டாம் வாரத்திலோ மூன்றாம் வாரத்திலோ திடீரென வயிறு உப்புகிறது. மலத்தில் இரத்தம் காண்கிறது. குடற்சுவர் அழியத் தொடங்குகிறது. இக்குடல் அழுகல் நோய்க்கு இன்று வழங்கும் பெயர், 1953-ஆம் ஆண்டில் ஷ்மித், குவைசர் என்னும் இரு மருத்துவர்கள் எழுதிய கட்டுரையை ஒட்டியது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அப்பெயரைத் தமிழாக்குதல் ஒரு நாழிகை வேலை. காரணத்தைக் காண்பதோ மருத்துவ உலகுக்கு எளிதாக இருக்கவில்லை.

1969-இல் லாயிட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு விளக்கம் கூறினார். கடலில் மூழ்கும் சீல் என்னும் விலங்கு, மூச்சடக்கும்போது குடலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் காத்து வைக்கிறது. பிறக்கையில் மூச்சுத் திணறிய குழந்தையின் உடலும் அவ்வாறே செய்து, உயிரின் பொருட்டுக் குடலை வாடவிடுகிறது என்றார் அவர். கேட்டவுடன் மனத்தில் பதியும் விளக்கம்! ஆயினும், மூச்சுத் திணறாத குழந்தைகளையும் நோய் பற்றிற்று. அதுவும் பால் ஊட்டத் தொடங்கிய பின்னரே பெரும்பாலும் பற்றிற்று. பேற்றில் நேர்ந்த பிழையென்று எத்தனை தாய்மார் தம்மையே நொந்துகொண்டனரோ!

பின்னர் ஆராய்ச்சியாளரின் பார்வை குருதிக் குழாயின் உட்படலத்தின்மீது திரும்பிற்று. அப்படலம் குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரக்கிறதென்று 1987-இல் இங்கிலாந்தில் மொங்காடா குழுவினர் காட்டினர். குழாயைச் சுருக்கும் எண்டோதீலினை 1988-இல் ஜப்பானில் யானகிசாவா முதலியோர் கண்டறிந்தனர். நொவிக்கி என்னும் அமெரிக்கர் பன்றிக்குட்டிகளின் குடலில் இவ்விரண்டின் இழுபறியை ஆராய்ந்தார். பிறந்த சின்னாட்களில் குடலின் குழாய்களை நைட்ரிக் ஆக்ஸைடே விரித்து வைக்கிறது. உட்படலம் பழுதுற்றாலோ எண்டோதீலினின் கை ஓங்குகிறது. செரிமானத்துக்கு மிகுந்த இரத்தம் வேண்டும் வேளையில் குழாய் சுருங்கினால், பிராணவாயு குன்றிச் சுவர் நலிகிறது. கிருமிகளுக்கு வழி பிறக்கிறது. இச்சுருக்கம் நோயின் வித்தா, அழற்சியின் விளைவா என்பதில் மருத்துவர்கள் இன்றும் ஒருமித்தாரில்லர்.

நோயைத் தடுக்கும் வழியோ ஆய்வு முடியுமட்டும் காத்திருக்கவில்லை. புட்டிப்பால் மட்டுமே உண்ட குறைமாதக் குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டுமே உண்டவற்றினும் ஆறு முதல் பத்து மடங்கு மிகுதியாக இந்நோய் கண்டதென்று, 926 குழந்தைகளை ஆராய்ந்த லூக்கஸ், கோல் என்போர் 1990-இல் எழுதினர். தாய்ப்பாலில், சிறப்பாகச் சீம்பாலில், நைட்ரிக் ஆக்ஸைடாக மாறவல்ல உப்புகளும் உள்ளன. அதற்கு முந்திய ஆண்டே, தமிழர் நிறைந்த தாராவியை அடுத்துள்ள சயான் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி தொடங்கியாயிற்று. பெற்றவளுக்குப் பால் போதாத குழந்தைக்கு, மற்றொருத்தி ஈந்த பால் அங்கே வெப்பத்தால் தூய்மையாக்கி ஊட்டப்படுகிறது.