கொழும்பின் சிவப்புப் பள்ளிவாசல்: முன்னோர் விட்டுச்சென்ற அமானிதம்

கொழும்புத் துறைமுகத்தை நெருங்கிய கப்பல்களில் இருந்தோர், ஒரு காலத்தில் சிவப்பும் வெள்ளையும் கலந்த கோபுரங்களைக் கொண்டே கரையை அடையாளம் கண்டனர் என்பர். அக்கோபுரங்கள் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலுக்கு உரியவை. நம்மவர்கள் அதனைச் சம்மாங்கோட்டுப் பள்ளி என்பர். உலகம் அதனைச் சிவப்புப் பள்ளிவாசல் என்று அறியும்.

தென்னிந்தியாவிலிருந்து சென்று புறக்கோட்டையில் வணிகம் செய்த முஸ்லிம்கள், கடைகளுக்கு அருகிலேயே ஐவேளைத் தொழுகையையும் ஜும்ஆவையும் நிறைவேற்ற ஓர் இடம் வேண்டுமென விரும்பினர். 1908ஆம் ஆண்டு பணி தொடங்கி, மறு ஆண்டு நிறைவுற்றது. வடிவமைத்தவர் சைபு லெப்பை. அவர் கட்டடக்கலையை முறையாகப் பயின்றவர் அல்லர். வணிகர்கள் கொண்டுவந்து காட்டிய இந்தோ சரசனிக் கட்டடங்களின் படங்களே அவருக்கு வழிகாட்டின. மாதுளங்கனி போன்ற குவிமாடங்களும், சுவரெங்கும் ஓடும் செந்நிற வெண்ணிறப் பட்டைகளும் அவருடைய கைவண்ணத்தின் சான்றுகள்.

காலப்போக்கில் தொழ வருவோர் பெருகினர், இடம் போதவில்லை. 1975இல் அறக்கட்டளை ஒன்றின் துணையுடன் அடுத்திருந்த இடங்கள் வாங்கப்பட்டுப் பள்ளி விரிவாக்கப்பட்டது. புதிய பகுதியும் அதே சிவப்பு வெள்ளைக் கோலத்தில் எழுந்தது; பழைய முகப்போ தன் இடத்திலேயே நின்றது. பெருகிய ஜமாஅத்துக்கு இடமும் கிடைத்தது, முன்னோரின் உழைப்பும் அழியவில்லை. நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

நம் ஊர்களில் பல வேளைகளில் இதற்கு மாறாகவே நிகழ்கிறது. இடம் போதவில்லை என்றதும், நூறாண்டு நின்ற பள்ளியை அடியோடு இடித்துவிடுகிறோம். தேக்குக் கதவும், மரத்தூண்களும், கட்டியோரின் பெயர் பொறித்த கல்லும் எங்குப் போயின என்று சில ஆண்டுகளில் எவராலும் சொல்ல முடிவதில்லை.

கட்டடத்தின் மீது இத்துணைப் பற்று தேவையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மதீனாவில் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எழுப்பிய பள்ளி, ஈச்ச மரத்தண்டுகளைத் தூணாகவும் ஓலையைக் கூரையாகவும் கொண்டது. பள்ளியின் சிறப்பு தொழுகையாளிகளால் அமைவது, சுவர்களால் அன்று. ஆயினும் அந்த எளிமையின் பெயராலேயே நாம் கேட்கிறோம்: உறுதியாக நிற்கும் கட்டடத்தை இடித்து, பெரும்பொருள் செலவிட்டு, பளிங்கு பதிப்பது எளிமையாகுமா? வீண்விரயத்தைக் குர்ஆன் வன்மையாகக் கண்டிக்கிறது. மேலும், வக்ஃபு நம் உடைமை அன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஆகவே இடிக்க முடிவெடுக்கும் முன், பழைய கட்டடங்களை அறிந்த பொறியாளர் ஒருவரிடம் ஆய்வு செய்விப்போம். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவரின்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். அதனைச் சுண்ணாம்பாலேயே செப்பனிடுவோம். விரிவாக்கம் தேவையெனில், பக்கத்திலோ பின்புறத்திலோ இடம் தேடுவோம். இடிப்பதைத் தவிர வேறு வழியே இல்லையெனில், முதலில் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து, அளவுகளைக் குறித்து, கல்வெட்டுகளைப் பத்திரப்படுத்துவோம். பெரியவர்களின் நினைவில் உள்ள செய்திகளையும் அவர்கள் வாழும்போதே எழுதிவைப்போம்.

இன்று புறக்கோட்டைக்கு வரும் பிற சமயத்தவர் பலர் அந்தப் பள்ளியைக் காண விரும்பி உள்ளே வருகின்றனர். தொழுகை பற்றிக் கேட்டறிகின்றனர். நூற்றாண்டுக்கு முன் பொருள் ஈந்த வணிகர்களும் வரைந்த சைபு லெப்பையும் மறைந்துவிட்டனர். அவர்களின் பணி இன்றும் பேசுகிறது. நம் பிள்ளைகளின் கையிலும் அத்தகைய சான்றுகளை ஒப்படைத்துச் செல்லும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.