தாத்தா தூக்கியது க்ளீனா?

வடாலாவில் எங்க பில்டிங்குக்குப் பக்கத்து ஜிம்மில் பையன் வெயிட்லிஃப்டிங் பழகறான். வயசு பதினாறு. போன வருஷம் ஒரு ராத்திரி, ஹார்பர் லைன் கூட்டத்தில் கசங்கி நான் வீடு வந்தால், மணிக்கட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"க்ளீனைக் கையால இழுக்கறேனாம். மாஸ்டர் திட்டறார்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க தாத்தா இளவட்டக்கல்லையே தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவர்டா" என்று ஆரம்பித்தேன். நெல்லைப் பக்கம் எங்க ஊர்க் கோயில் முன்னால் கிடக்கிற உருண்டைக் கல். அதைத் தூக்கினவனுக்குத்தான் பொண்ணு என்று ஒரு காலத்தில் பேச்சு; கல்யாணக்கல் என்றும் பெயர் உண்டு.

"எப்படித் தூக்குவார்?"

குந்தி, கட்டிப்பிடித்து, முதலில் தொடைக்கு. அங்கிருந்து நெஞ்சுக்கு. அப்புறம் தோளுக்கு.

"அப்ப அது ஃபவுல்ப்பா. உடம்புல வெச்சு வெச்சு ஏத்தியிருக்கார்!"

சுருக்கென்றது. அன்றைக்கு உட்கார்ந்து படித்ததுதான் இது.

நூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவிலும் இதே சண்டைதான். ஜெர்மனி, ஆஸ்திரியா பயில்வான்கள் கம்பியை இடுப்பு பெல்ட்டிலும் வயிற்றிலும் நிறுத்தி, மூச்சு வாங்கி, நெஞ்சுக்கு ஏற்றுவார்கள். வியன்னாவின் கார்ல் ஸ்வோபோடா மாதிரி பெருத்த உடம்புக்காரர்களுக்கு அது தோது. ஆங்கிலேயர்கள் அதற்கு 'கான்டினென்டல்' என்று பெயர் வைத்தார்கள். எங்கும் நிறுத்தாமல், உடம்பில் படாமல், தரையிலிருந்து ஒரே மூச்சில் தோளுக்கு வந்தால்தான் சுத்தம். அந்தச் சுத்தம்தான் 'க்ளீன்'!

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஒற்றைக்கைத் தூக்கல்கள் போய், பிரெஸ், ஸ்னாட்ச், க்ளீன் அண்ட் ஜெர்க் என்று மூன்று நின்றன. 1972 மியூனிக்கோடு பிரெஸ்ஸும் போனது. முதுகை வளைத்து வளைத்துத் தூக்கியதில் நடுவர்களால் தீர்ப்பே சொல்ல முடியவில்லை. தொடையில் கம்பி உரசக்கூடாது என்ற பழைய விதி 1960களில் தளர்ந்தது. வழியில் நிறுத்தினால் மட்டும் இன்றைக்கும் தப்பு.

பையன் செய்த தப்பும் புரிந்தது. க்ளீன் கை வேலை இல்லை. முழங்காலைத் தாண்டும்வரை நிதானம். தொடைக்கு வந்ததும் இடுப்பை வெடுக்கென்று நிமிர்த்தணும். கம்பி மேலே போகும் அந்தக் கண நேரத்தில் நாம் அதற்குக் கீழே குந்தி, முழங்கையை முன்னால் திருப்பி, தோளில் வாங்கணும். அப்புறம் எழுந்திருப்பது காலின் பாடு. வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் தங்கம் வாங்கியபோது ஸ்னாட்ச்சில் 149 கிலோ, க்ளீன் அண்ட் ஜெர்க்கில் 179. அந்த முப்பது கிலோ வித்தியாசத்துக்குக் காரணம், வழியில் தோள் என்று ஒரு திண்ணை இருப்பதுதான்.

ஆக, தாத்தா தூக்கியது க்ளீன் இல்லை. பையன் சொன்னது சரி. ஆனால் ஏமாற்றும் இல்லை. கம்பிக்குப் பிடி உண்டு, கல்லுக்கு ஏது?

மே லீவில் ஊருக்குப் போனோம். கல் பாதி மண்ணுக்குள் கிடந்தது. சித்தப்பாவும் பையனும் தோண்டி எடுத்தார்கள். முதலில் மாஸ்டர் சொன்னபடி ஒரே மூச்சில் பார்த்தான். அசையவில்லை. அப்புறம் யாரும் சொல்லாமலே குந்திக் கட்டிப்பிடித்தான். தொடைவரைக்கும் வந்தது. அங்கேயே வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"ஃபவுல்டா" என்றேன்.

சிரித்ததில் கல் கீழே விழுந்துவிட்டது.