மூன்று மாத அறிவித்தலும் சனிக்கிழமை மேசையும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

நமது பிரதேச சபையின் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்ட வரைவைப் பார்த்தோம். வீதி இருக்கிறது, மின்விளக்கு இருக்கிறது, குப்பை இருக்கிறது, மையவாடி மதிலும் இருக்கிறது. சென்ற ஆண்டு வரை இருந்த ஒரு வரியை மட்டும் காணவில்லை. பொது நூலகத்தின் பக்க அறையில் சனிக்கிழமை தோறும் நடக்கும் இலவச ஆலோசனை மேசைக்கான வரி அது. சபை அதற்குக் கொடுத்தது பெரிய காசல்ல. பகுதிநேர எழுதுவினைஞர் ஒருவரின் கொடுப்பனவு, போட்டோக்கொப்பிக் கடதாசி, மாதம் ஒருமுறை வரும் சட்டத்தரணியின் பயணச் செலவு, அவ்வளவுதான். மேசையில் இருப்பவர்கள் ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தரும் ஆசிரியர்களும். அவர்கள் ஒரு சதமும் வாங்குவதில்லை.

இதைப் பற்றிக் கேட்டபோது நமக்குக் கிடைத்த பதில் ஒரு கேள்வி: "ஆலோசனை சொல்றது சபையின்ட வேலையா?" கேட்டவர் மீது நமக்குக் கோபமில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் நமது சரித்திரத்தில் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறோம்.

1840இல் வெள்ளைக்காரர் ஆட்சி முடிக்குரிய காணிகள் பற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தது. காடு, பாழ்நிலம், ஆள் இல்லாத நிலம், பயிர் செய்யாத நிலம் எல்லாம் முடிக்குச் சொந்தம் என்று அனுமானிக்கப்படும். இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பரம்பரையாகச் சேனை செய்தவனிடம் உறுதி ஏது? பிறகு 1897இல் பாழ்நிலக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்ன காணிக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும் என்று அரசாங்க அதிபர் அறிவித்தல் போடுவார். அதற்குள் யாரும் வராவிட்டால் காணி முடிக்குச் சொந்தம்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அங்கே யாரும் துவக்கைக் காட்டிக் காணியைப் பறிக்கவில்லை. ஒரு கடதாசி ஒட்டப்பட்டது. அது என்ன சொல்கிறது, எங்கே போக வேண்டும், எதைக் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்தவனுக்குக் காணி தப்பியது. தெரியாதவன் மூன்று மாதம் கழித்துத் தன் சொந்தச் சேனையிலேயே அத்துமீறியவன் ஆனான். இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வித்தியாசம், பக்கத்தில் விபரம் சொல்ல ஓர் ஆள் இருந்தாரா இல்லையா என்பதுதான்.

அன்றும் ஆலோசனை சொல்ல ஆட்கள் இருந்தார்கள், காசுக்கு. கச்சேரி விறாந்தையிலும் கோட்டு வாசலிலும் பெட்டிசம் எழுதுபவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேல் பிறக்கிராசி, அவருக்கு மேல் அப்புக்காத்து. ஊருக்குள் இலவசமாகக் கேட்பதென்றால் விதானையாரிடமோ போடியாரிடமோ போக வேண்டும். பல நேரங்களில் பிரச்சினையே அவர்களோடுதான் இருந்தது.

கோட்டும் வழக்கும் ஏழையை விழுங்குகின்றன என்பது வெள்ளைக்காரருக்கும் விளங்காமல் இருக்கவில்லை. 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்தது. தண்ணீர்ப் பங்கீடு பற்றிய பழைய வழமைகளின்படி விவசாயிகளே கூடி விதிகள் வகுக்கவும் மீறியவர்களை விசாரிக்கவும் அது இடம் கொடுத்தது. வட்டைவிதானை என்ற சொல் நமது வயல்களில் இன்றும் வாழ்கிறதே, அந்த வழமையின் மிச்சம் அது. 1871இல் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டம் அதை விரிவாக்கி, கிராமக் குழுக்களையும் சிறு வழக்குகளைக் கேட்கும் கிராம நீதிமன்றுகளையும் ஏற்படுத்தியது. பிற்காலத்துக் கிராம சபைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதாவது உள்ளூராட்சி இந்த நாட்டில் பிறந்தபோதே, ஊர்ச் சிக்கலை ஊரிலேயே செலவில்லாமல் தீர்ப்பது அதன் வேலைகளில் ஒன்றாக இருந்தது. ரோட்டும் லைட்டும் மட்டும்தான் சபையின் வேலை என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இணக்க சபைகள் வந்தன. வேலிச் சண்டை, கடன், அடிதடி போன்ற சிறு பிணக்குகள் கோட்டுக்குப் போகுமுன் ஊர்ப் பெரியவர்கள் முன் இலவசமாகப் பேசித் தீர்க்கப்பட்டன. அவற்றில் குறை இல்லாமல் இல்லை. உறுப்பினர் நியமனத்தில் அரசியல் புகுந்தது என்ற குற்றச்சாட்டு வலுவாக இருந்தது. 1977இல் ஆட்சி மாறியதைத் தொடர்ந்து அவை முடிவுக்கு வந்தன. குறையைத் திருத்தவில்லை, சபையையே மூடினார்கள். அந்த இடத்தை நிரப்ப மத்தியஸ்த சபைகள் சட்டம் வந்தது 1988இல். சபைகள் இயங்கத் தொடங்கியது அதற்கும் பிறகு. வடக்கு கிழக்கில் யுத்தத்தினால் இன்னும் பிந்தியது. மூடுவதற்கு ஒரு சட்டம் போதுமாக இருந்தது. திறக்கப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது.

உள்ளூராட்சிக்கும் இதுவே நடந்தது. 1981இல் மாவட்ட அபிவிருத்தி சபைகள் வந்தபோது கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டன. நல்லதோ கெட்டதோ, கதவைத் தட்டிக் கேட்கக்கூடிய ஊர் உறுப்பினர் ஒருவர் அதுவரை இருந்தார், அவர் இல்லாமல் போனார். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. நாட்டின் ஏனைய பகுதிகள் அவற்றுக்கு வாக்களித்தது 1991இல். கிழக்கில் நாம் வாக்களித்தது 1994இல். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சபை என்றால் என்னவென்று தெரியாமலே வளர்ந்தார்கள்.

"அதுதான் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறதே" என்று சிலர் சொல்லலாம். உண்மை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அந்த ஆணைக்குழு எத்தனையோ ஏழைகளுக்கு வழக்குப் பேசியிருக்கிறது. ஆனால் தன்னுடையது சட்டப் பிரச்சினை என்று தெரிந்தவர்தானே அங்கே போவார்? நமது மேசைக்கு வருபவர்களில் பலர் கையில் ஒரு கடிதத்தோடு வருகிறார்கள். "இது என்னண்டு ஒருக்காப் பாருங்க சேர்" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் ஆணைக்குழுவா, மத்தியஸ்த சபையா, பிரதேச செயலகமா, காதியாரா என்பதே தெரியும்.

மேசை தொடங்கியது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. அந்த நாட்களை மறந்தவர் நம்மில் இல்லை. அடையாள அட்டை போனது, பிறப்புச் சான்றிதழ் போனது, உறுதி போனது. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்ட முடியாது என்றார்கள். சடலம் கிடைக்காதவர்களின் மரணத்தைப் பதிவதற்கு 2005இல் விசேட சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. எந்தப் படிவம், எந்தக் கந்தோர், யாருடைய கையொப்பம் என்று சொல்வதற்கு அகதி முகாமாக இருந்த பாடசாலையில் ஆசிரியர்களாகிய நாங்கள் இரண்டு டெஸ்க்கை இழுத்துப் போட்டோம். பாடசாலை திறந்ததும் அது நூலகத்துக்குப் போனது. சபை அன்று மனமுவந்து இடம் கொடுத்தது. அந்த நன்றி நமக்கு இன்றும் உண்டு.

1897 முடிந்துபோன கதை என்று நினைக்க வேண்டாம். ஒருவருடைய காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் விதி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது உறவுகளின் நிலை என்ன? புத்தளத்தில் இருந்துகொண்டு மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள காணியை எப்படி ஆளுவது? இவர்களைப் போன்றவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் உரிமையைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாமற்போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்றது. நல்ல சட்டம். ஆனால் அதன் ஆயுள் இரண்டு வருடம். அதற்குள் தெரிந்துகொண்டு போனவருக்கு மட்டுமே அது பயன்பட்டது. அன்று மூன்று மாதம், இன்று இரண்டு வருடம். வித்தியாசம் அவ்வளவுதான்.

2023இல் அஸ்வெசும வந்தது. பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் மேன்முறையீடு செய்யக் கொடுத்த காலம் சில வாரங்கள். ஸ்மார்ட் போன் இல்லாத உம்மாமார் எங்கே போவார்கள்? அந்தச் சனிக்கிழமைகளில் நூலக வாசல் வரை வரிசை நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நேரம் நமக்குச் சபையும் இல்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், காசு விடுவிக்கப்படாததால் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல்தான் வாக்களித்தோம். சபை இல்லாத இரண்டு வருடமும் நடந்த மேசை, சபை வந்த பிறகு மூடப்படுவதா?

சபையின் கஷ்டம் நமக்குத் தெரியாமல் இல்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு டீசல், கரண்ட், உதிரிப்பாகம் எல்லாம் ஏறிவிட்டன. வருமானம் அந்த அளவுக்கு ஏறவில்லை. எங்கோ வெட்டத்தான் வேண்டும். ஆனால் சபையின் வேலை எது என்பதைப் பிரதேச சபைச் சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்கிறது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், வீதிகள் ஆகியவற்றோடு மக்களின் சௌகரியத்தையும் நலனையும் பாதுகாத்து மேம்படுத்துவதும் அதன் பொறுப்பு. அதைவிட, வீதியில் குழி விழுந்தால் அடுத்த வருடம் நிரப்பலாம். மேன்முறையீட்டுத் திகதி போனால் போனதுதான்.

இன்னொன்றையும் மனச்சாட்சியோடு சொல்ல வேண்டும். மேசை மூடினால் நம்மில் படித்தவர்களுக்கு நட்டமில்லை. நமக்குத் தெரிந்த சட்டத்தரணி இருக்கிறார், கச்சேரியில் மச்சான் இருக்கிறார். நட்டம் தாபரிப்புக் கேட்டுக் காதி நீதிமன்றம் போகும் பெண்ணுக்கு. அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது. தன் வழக்கைத் தானே பேச வேண்டும். என்ன கேட்கலாம், எந்தக் கடதாசியைக் கொண்டுபோகலாம் என்று முதல் நாள் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருமுன் உங்கள் வட்டார உறுப்பினரைச் சந்தியுங்கள். எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். இரண்டு, மேசையால் பயனடைந்தவர்கள் அதை ஒரு கடிதமாக எழுதித் தவிசாளருக்குக் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் நாம் எழுதித் தருகிறோம். மூன்று, கீழே யாரையும் ஏச வேண்டாம். வெட்டியவர்களும் நமது பிள்ளைகள்தான். சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் எழுதினோம்.

வருகிற சனிக்கிழமையும் வழமைபோல மேசை இருக்கும், இன்ஷா அல்லாஹ். கடிதம் ஏதும் வந்து விளங்காமல் வைத்திருந்தால் கொண்டுவாருங்கள். திகதி போகுமுன் கொண்டுவாருங்கள்.