முதலில் பழுத்த பழம்

நீர்வேலியில் எங்கள் செம்மண் தோட்டத்தில் தக்காளிக்கு விதை எடுப்பது அம்மாவின் வேலை. ஆய்ந்த பழங்களைச் சாக்கில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பார். பெரியதாக, வெடிப்பில்லாமல், காம்படி வரை ஒரே நிறமாகப் பழுத்ததில் ஏழெட்டைப் பொறுக்கி ஒதுக்கிவைப்பார். அவற்றைப் பிதுக்கி, விதையை அடுப்புச் சாம்பலில் புரட்டி, சுளகில் பரவி நிழலில் உலர்த்துவார். விதைக்கென்று ஒதுக்கிய பழம் சந்தைக்கும் போகாது, கறிக்கும் போகாது. எது திறமோ அது விதைக்கு. எங்கள் வீட்டில் அதற்கு மறுபேச்சு இருந்ததில்லை.

அந்தப் பழக்கத்தோடுதான் நான் 1989இல் கனடாவின் வின்னிபெக் நகருக்கு வந்தேன். இரண்டு வருடம் கழித்து, பின்வளவில் கொஞ்சம் மண்ணுள்ள வீடொன்று வாடகைக்குக் கிடைத்தது. கறுத்த களிமண், மழை பெய்தால் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும். அதைக் கொத்திப் பாத்தி கட்டினேன். கடைக்குப் போய், அட்டையில் எந்தப் படத்தில் பழம் மிகப் பெரிதாக இருந்ததோ அந்தக் கன்றுகளில் பன்னிரண்டு வாங்கி நட்டேன். கன்றுகள் என் தலைக்கு மேலே வளர்ந்தன. ஓகஸ்ட் முடிவில் உள்ளங்கை அளவுக் காய்கள் குலைகுலையாகத் தொங்கின, ஒன்றுகூடச் சிவக்கவில்லை. செப்டெம்பர் நடுவில் தெளிந்த வானத்தோடு ஓர் இரவு வந்தது. விடிந்து பார்த்தபோது இலைகள் கொதிநீரில் அவித்தெடுத்தவை போலக் கறுத்துத் தொங்கின.

பக்கத்து வளவில் உக்ரேனிய வழி வந்த ஒரு மூதாட்டி இருந்தார். வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, காய்களைப் பறித்துப் பத்திரிகைத் தாளில் சுற்றி நிலவறையில் வைக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: “நட்டது எத்தனை நாள் தக்காளி?”

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. நெல்லுக்கு நாள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்று மாத நெல், நாலு மாத நெல் என்பார்கள். தக்காளியை நாள் வைத்துத் தெரிந்தெடுப்பது எங்கள் ஊரில் இல்லை. அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் நூறு வருட உழைப்பு இருக்கிறது என்று நான் அறிந்துகொண்டது பிறகுதான்.

கணக்கு இதுதான். வின்னிபெக்கில் யூன் பிறக்குமுன் தக்காளியை வெளியில் நடத் துணிய முடியாது. செப்டெம்பர் இருபதை ஒட்டி முதல் உறைபனி விழும். கையில் இருப்பது நூற்றுப் பத்து நாள். விதைப் பொதியில் போட்டிருக்கும் நாள், நாற்றை நிலத்தில் நட்ட தினத்திலிருந்து முதற்பழம் வரை எண்ணியது. அறுபத்தைந்து நாள் வகை என்றால் ஓகஸ்ட் முதல் வாரத்தில் பழம். பிறகு ஆறேழு வாரம் ஆயலாம். தொண்ணூறு நாள் வகை என்றால் ஓகஸ்ட் கடைசி. அப்போது இரவுகள் குளிர்ந்து, பழுப்பது நின்றுவிடும். நான் நட்டது தொண்ணூறு.

நாள் மட்டும் போதாது, இரவும் வேண்டும். இரவு வெப்பநிலை 13 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் தக்காளியின் மகரந்தம் ஒழுங்காக விளையாது. பூ காம்போடு உதிரும். வின்னிபெக்கில் யூலை மாதத்துச் சராசரி இரவே அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. நீர்வேலியில் இதற்கு நேரெதிர். சித்திரை வெக்கையில் பூக்கொட்டும் என்பதால்தான் மாரிமழை ஓய்ந்த குளிர்ச்சியில் தக்காளி வைப்போம். அங்கே சூட்டுக்கு ஒளித்து வளர்த்த பயிரை இங்கே குளிருக்கு ஒளித்து வளர்க்க வேண்டியிருந்தது.

தக்காளியின் காட்டு உறவுகள் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவைச் சேர்ந்தவை. மெக்சிக்கோவின் மக்கள் அதைத் தோட்டப் பயிராக்கினார்கள். நவாட்ல் மொழியின் ‘தொமாட்ல்’தான் இன்று உலகம் முழுக்க வழங்கும் பெயருக்கு வேர். ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 1544இல் இத்தாலியில் மத்தியோலி தன் மூலிகை நூலில் அதைக் குறித்துவைத்தார். நிலநடுக்கோட்டுப் பக்கம் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். வடக்கே போகப் போகக் கோடைப் பகல் நீளும். வின்னிபெக்கில் யூன் நடுவில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். காட்டுத் தக்காளி நீண்ட பகலில் பூப்பதைத் தள்ளிப்போடும். நியூயோர்க் மாநிலத்துக் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடத்தில் ஸக்கரி லிப்மனின் குழுவினர் 2017இல் இதன் காரணத்தைக் காட்டினார்கள்: நீண்ட பகலில் பூப்பைத் தடுக்கும் ஒரு மரபணு, தோட்டத் தக்காளியில் வலுவிழந்திருக்கிறது. காலத்தோடு பூத்த செடியிலிருந்து விதை எடுத்த பழைய கைகளால்தான் அந்த மாற்றம் நிலைபெற்றிருக்கும். மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில், தக்காளி வடக்கே வருவதற்கான கதவு அப்படித் திறந்தது.

கனடாவின் சமவெளியில் ஆற்றங்கரை மக்கள் இந்த வேலையை வேறொரு பயிரில் முன்பே செய்திருந்தார்கள். வின்னிபெக்குக்கு வடக்கே, ரெட் ரிவர் ஆற்றங்கரையில் லொக்போர்ட் என்ற ஊர் இருக்கிறது. ஐரோப்பியர் வருமுன்பே அங்கே சோளம் விளைந்ததற்குச் சான்றுகள் கிடைத்துள்ளன: தானியக் குழிகள், கருகிய சோளமணி, காட்டெருமையின் தோள்பட்டை எலும்பில் செய்த மண்வெட்டி. இந்தக் குறுங்கோடையில் சோளம் முற்றியதென்றால், முந்தி முற்றிய கதிரை யாரோ தலைமுறை தலைமுறையாக விதைக்கு எடுத்துவைத்திருக்க வேண்டும்.

குடியேறிகள் வந்த பிறகு அரசு 1886இல் சட்டமியற்றி, ஒட்டாவா உட்பட ஐந்து இடங்களில் பரிசோதனைப் பண்ணைகளைத் தொடங்கியது. முதற்கவலை கோதுமை. சார்ல்ஸ் சோண்டர்ஸ் தெரிந்தெடுத்த ‘மார்க்கிஸ்’ கோதுமை, பழைய ‘ரெட் ஃபைஃப்’ வகையைவிட ஒரு வாரத்துக்கு மேல் முந்தி முற்றி, உறைபனிக்கு முன் களஞ்சியம் சேர்ந்தது. அந்த முந்தல் அதற்கு வந்தது இந்தியாவிலிருந்து போன ‘ஹார்ட் ரெட் கல்கத்தா’ என்ற தாய் வழியாக. இதைப் படித்த அன்று கனநேரம் புத்தகத்தை மூடாமல் இருந்தேன். எங்கள் பக்கத்துத் தானியம் ஒன்று எனக்கு எண்பது வருடம் முன்னமே இந்தக் குளிரில் வந்து காலூன்றியிருக்கிறது.

தக்காளியின் முறை அடுத்து வந்தது. 1900 வாக்கில் நியூஜெர்சியின் சேலம் பகுதியில் ஜோர்ஜ் ஸ்பார்க்ஸ் என்ற விவசாயி, தன் வயலில் மற்றவற்றை முந்திக்கொண்டு பழுத்த ஒரு செடியைக் கண்டு விதை எடுத்தார். அதுதான் ‘எர்லியானா’. பழம் அழகில்லை, ஒழுங்கான உருண்டையும் இல்லை. முந்தியது என்ற ஒரே குணத்துக்காக அது வட அமெரிக்கா முழுவதும் பரவியது.

எர்லியானா நாளைக் குறைத்தது. செடியின் உருவத்தையே மாற்றிய வேலை நடந்தது வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில். ரெட் ரிவர் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் ஆறு; ஃபார்கோவைத் தொட்டுவிட்டுத்தான் வின்னிபெக்குக்கு வருகிறது. அங்குள்ள விவசாயக் கல்லூரியில் 1919 முதல் ஏ. எஃப். யேகர் தோட்டப் பயிர்களை ஆராய்ந்தார். சாதாரணத் தக்காளி மூன்று இலைக்கு ஒரு பூங்கொத்தாக வைத்துக்கொண்டு, குளிர் வந்து கொல்லும் வரை மேலே போய்க்கொண்டே இருக்கும். 1914இல் ஃபுளோரிடாவில் தற்செயலாக வேறுவிதமான செடியொன்று தோன்றியது. அதில் கொத்துகளுக்கு இடையே இலைகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் நுனியே பூங்கொத்தாகி வளர்ச்சி நின்றுவிடும். இந்தக் குணம் தாயிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று யேகர் 1927இல் எழுதினார். அதை வைத்தே குட்டையான, முந்திய வகைகளை உருவாக்கினார். அவற்றில் ஒன்றின் பெயர் ‘பைசன்’, காட்டெருமை. இன்னொன்று ‘ஃபார்தெஸ்ட் நோர்த்’, வடக்கின் கடைக்கோடி. இலைக்கும் தண்டுக்கும் போகும் பலம் காய்க்குத் திரும்பியது. காய்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பழுத்தன. உயரமில்லாததால், பனி விழும் இரவில் பழைய போர்வையொன்றால் செடியை மூடிக் காக்கவும் முடிந்தது.

1999 கோடையில் அம்மா ஒரு முறை இங்கே வந்தார். அப்போது நான் நட்டிருந்தவை இடுப்பளவில் நின்றுவிடும் செடிகள். நுனியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “நீ கிள்ளி விட்டனியோ தம்பி?” என்று கேட்டார். இல்லை, தானாக நின்றது என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “அப்ப இது தன்ரை உயரத்தை அறிஞ்ச கண்டு.” யேகர் எழுதியதை அவர் படித்ததில்லை. தொட்டுப் பார்த்தே அறிந்துகொண்டார்.

அந்தச் செடியின் பெயர் ‘மனிடோபா’. எங்கள் வீட்டிலிருந்து தென்மேற்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் மோர்டன் என்ற சிறு நகர். அங்கே 1915இல் தொடங்கிய அரசுப் பண்ணை 1956இல் வெளியிட்ட வகை அது. பழம் ஆறு அவுன்ஸ் அளவு, நல்ல சிவப்பு, புளிப்பும் இனிப்பும் சரிசமம். ரசத்துக்கும் ஆகும், சம்பலுக்கும் ஆகும். இன்னும் வடக்கே, அல்பேர்ட்டாவின் பீஸ் ரிவர் பகுதியில் பீவர்லொட்ஜ் ஆய்வு நிலையம் ‘சப்-ஆர்க்டிக்’ என்ற வரிசையைத் தந்தது; அதில் ‘சப்-ஆர்க்டிக் பிளென்டி’ இன்றும் விதைக் கடைகளில் கிடைக்கிறது. பழம் சிறியதுதான். ஆனால் மனிடோபாவே தயங்கும் மண்ணில் அது பழுக்கும்.

குளிரிரவில் மகரந்தம் விளையாத குறைக்கும் மருந்து தேடினார்கள். ரஷ்யாவில் ‘செவெரியானின்’ என்றொரு வகை. பெயருக்குப் பொருள் வடக்கத்தியான். மகரந்தம் சேராமலே அது காய் பிடிக்கும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பாகெட் இதே குணமுள்ள வகைகளை உருவாக்கினார். 1984இல் வந்த ‘ஒரிகன் ஸ்பிரிங்’ அவற்றில் ஒன்று. குளிரில் அப்படிப் பிடித்த பழங்களில் விதை மிகக் குறைவு. அறுத்துப் பார்த்தால் முழுக்கச் சதை. சமைப்பவருக்கு அது வரம். விதை எடுத்துவைக்கும் வீட்டுக்கு யோசிக்க வேண்டிய விஷயம்.

ஊரிலிருந்து புதிதாக வந்து பாத்தி கட்டுகிறவர்கள் என்னிடம் எந்தத் தக்காளி வைக்கலாம் என்று கேட்பதுண்டு. நான் படத்தைப் பார்க்க வேண்டாம் என்பேன். முதலில் உங்கள் ஊரின் கடைசிப் பனிக்கும் முதற்பனிக்கும் இடையிலான நாளை எண்ணுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கைப் பழம் ஆய்வதற்கென்று ஒதுக்குங்கள். மிச்ச நாளுக்குள் பழுக்கும் வகையைத் தேடுங்கள். வெக்கையான இடத்தில் எண்ணிய அறுபது, இங்கே எழுபது எழுபத்தைந்து ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் வீட்டுக்குள் விதையுங்கள்; நடுவதற்கு முன் ஒரு கிழமையாவது கன்றுகளைச் சிறிது சிறிதாக வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள். செக் நாட்டிலிருந்து வந்த ‘ஸ்டுபிட்சே’ என்ற நெடுஞ்செடி ஒன்றும் வையுங்கள். உருளைக்கிழங்குச் செடியின் இலை போல இருக்கும், குளிருக்கு அசையாது, ருசி உண்டு. கலப்பின விதை முந்தித் தரும். ஆனால் அதன் விதையில் தாயின் குணம் அப்படியே வராது. எனவே ஒரு பாத்தியாவது விதை எடுக்கக்கூடிய வகைக்கு விடுங்கள்.

என் பாத்தி மனிடோபாவுக்கு. முப்பது வருடமாகிறது. விதை எடுக்கும் முறையை மட்டும் மாற்றிக்கொண்டேன். அம்மா எடுத்தது திறமான பழத்தை. நான் எடுப்பது முதலில் பழுத்ததை, அது சிறியதானாலும், கோணலானாலும். பல காலம் தூய்மையாகக் காத்த ஒரு வகைக்குள் இப்படித் தெரிவதால் செடி பெரிதாக மாறிவிடாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதை விடமாட்டேன். சோளக்கதிரைப் பொறுக்கிய ஆற்றங்கரைக் கைகளும், சேலத்து வயலில் ஒரு செடியின் முன் நின்ற ஸ்பார்க்சும், ஃபார்கோவில் யேகரும் செய்தது இதைத்தான்.

முதற்பழத்தை விதைக்கு விடுவதிலுள்ள கஷ்டம் சொல்லில் வராது. கடைசியாகத் தோட்டத்துப் பழம் தின்றது போன வருடம் செப்டெம்பரில். பத்து மாதம் கடைப் பழம். ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு காலை, இலைக்கு அடியில் ஒன்றே ஒன்று சிவந்திருக்கும். வீடு முழுக்க அதைச் சுற்றி நிற்கும். பிள்ளைகள் சிறுவயதில் உப்புத் தூள் டப்பாவோடு வந்து நிற்பார்கள். “இது விதைக்கு, அடுத்தது உங்களுக்கு” என்பேன். இப்போது பேரப்பிள்ளைக்கும் அதையே சொல்கிறேன்.

ஆய்ந்து, பிதுக்கி, சாம்பலில் புரட்டுகிறேன். பொப்லர் விறகின் சாம்பல். சுளகு அம்மா வந்தபோது கொண்டுவந்தது. உலர்ந்ததும் கடித உறையில் போட்டு, பழுத்த தேதியை மேலே எழுதிவைக்கிறேன்.

அடுத்த பழம் சிவக்க இரண்டு நாள் ஆகும். அதுவரை எல்லோரும் காத்திருக்கிறோம்.