அப்பாவின் ஃப்ளாப்பியும் கரமனை ட்யூப்லைட்டும்

போன வருடம் ஜூலையில் திருவனந்தபுரம் போயிருந்தேன். நல்ல மழைக்காலம். கரமனை வீட்டுப் பரணை ஒழித்துக்கொண்டிருந்த அம்மா ஒரு பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்து, "அப்பாவோட சாமான். நீயே பார்த்து வேணும்னா வை, இல்லேன்னா தூக்கிப் போடு" என்றார். உள்ளே பதினொரு ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிகள். ஒன்றின் மேல் அப்பாவின் கையெழுத்தில் "அம்மா சொன்னது 1, 2" என்று எழுதியிருந்தது.

அப்பா சொல்லும் அம்மா என் பாட்டி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவிதாங்கூர் ராஜ்ஜியத் தலைநகருக்குக் குடும்பம் வந்த கதையைப் பாட்டி சொல்லச் சொல்ல, அப்பா ராத்திரிகளில் தட்டிக்கொண்டிருப்பார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துக்குப் போனதும், பாட்டி பிறந்த வீடு ஒரு மாநிலம், வாழ்க்கைப்பட்ட வீடு இன்னொரு மாநிலம் என்று ஆனதும் அதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். படித்ததில்லை. பாட்டியும் இல்லை, அப்பாவும் இல்லை. தூக்கிப் போட மனசு வருமா?

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன், பொறுத்தருள்க.

ஃப்ளாப்பி பிறந்தது 1971-இல், ஐபிஎம் நிறுவனத்தில். எட்டு அங்குல அகலம், சுமார் 80 கிலோபைட் கொள்ளளவு. பெரிய கணினிகளுக்குள் தொடக்க நிரலை ஏற்றத்தான் அதைச் செய்தார்கள்; நம் கடிதங்களைச் சேமிக்க அல்ல. ஐபிஎம்மில் இருந்து வெளியே வந்த ஆலன் ஷுகார்ட் தொடங்கிய ஷுகார்ட் அசோசியேட்ஸ், 1976-இல் அதை ஐந்தேகால் அங்குலமாகச் சுருக்கியது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தபோது அதற்குள் இருந்த டிரைவ் டேண்டன் டிஎம்100. அந்த டேண்டன் யார் தெரியுமா? பஞ்சாபில் பிறந்து கலிஃபோர்னியாவுக்குப் போன சிர்ஜங் லால் டாண்டன். 1975-இல் அவர் தொடங்கிய கம்பெனி அது. உலகத்தின் மேசைகளுக்குப் பிசி போனபோது, அதன் வாயாக இருந்தது ஒரு இந்தியர் கம்பெனியின் டிரைவ்.

எங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கேரள அரசு கெல்ட்ரானைத் தொடங்கியது 1973-இல். ஒரு மாநில அரசே மின்னணுத் தொழிலில் இறங்கியது இந்தியாவில் அதுவே முதல் தடவை. அதற்குத் தலைமை ஏற்ற கே.பி.பி. நம்பியார்தான் பின்னாளில் டெக்னோபார்க்குக்கும் மூலகாரணம். 1990-இல் டெக்னோபார்க் அமைந்தது. இடையில் 1984-இல் மத்திய அரசின் புதிய கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியதும் பிசிக்கள் அலுவலகங்களுக்குள் வரத் தொடங்கின. அப்படி ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து ஏலத்துக்கு வந்த இயந்திரத்தைத்தான் அப்பா ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த இயந்திரமும் பரணில்தான் இருந்தது. உள்ளே அதே டேண்டன் டிரைவ்.

"அமெரிக்காவில் நல்ல டிரைவ் ஒன்றை வாங்கி, அதில் போட்டுப் படித்துவிட்டால் போச்சு" என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இங்கேதான் ஒரு நுட்பம். ஃப்ளாப்பி வட்டில் 40 தடங்கள். காந்தத் தலை அந்தத் தடங்களின் மேல் சரியாக நிற்க வேண்டும். பல வருடம் ஓடிய டிரைவில் தலை மயிரிழை நகர்ந்திருக்கும். அந்த நகர்ந்த தலையால் எழுதியதை அதே தலைதான் நன்றாகப் படிக்கும். வேறு டிரைவ் திணறலாம். அதைவிட மோசம், 'ரிப்பேர் செய்கிறேன்' என்று தலையின் திருகாணியைத் தளர்த்தி, நேராக்கி வைத்துவிட்டால், அப்பா எழுதியதை அப்பாவின் டிரைவே படிக்காமல் போகலாம். ஆகவே தலையின் நிலையைத் தொடுவதில்லை என்று முதலிலேயே முடிவு.

மற்றதெல்லாம் செய்தேன். மருந்துக்கடையில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கிடைத்தது. பஞ்சில் தொட்டுத் தலைகளை மெல்லத் துடைத்தேன். மேல் தலை மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்குகிறது, இழுத்தால் போச்சு. தலை ஓடும் தண்டவாளத்தில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. அதைத் துடைத்து ஒரு சொட்டுப் புது எண்ணெய். மோட்டாரிலிருந்து சுழல்தட்டுக்குப் போகும் பெல்ட் தொளதொளத்திருந்தது. சாலைக் கடைத்தெருவில் பழைய டேப்ரெக்கார்டர் பழுதுபார்க்கும் சேட்டன் ஒருவர், "சாரே, இதொக்கெ இப்போ ஆரும் கொண்டுவராறில்லா" என்று சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அளவுக்கு ஒத்த தட்டைப் பெல்ட் ஒன்றைத் தேடிக்கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பெல்ட் மாறினால் வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். வட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழல வேண்டும். அதாவது நொடிக்கு ஐந்து சுற்று. இதற்கு மீட்டர் எதுவும் தேவையில்லை. சுழல்தட்டின் அடியில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இரண்டு வளையங்களாக அச்சிட்டிருக்கும். ஒன்று 50, மற்றது 60. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதில் எரியும் பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஒரு சுற்றுக்கு 20 மினுக்கல். வேகம் சரியாக இருந்தால் 50 வளையத்தின் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், சுற்றுக்கு 24 மினுக்கல், அதற்குத்தான் இன்னொரு வளையம். பிறந்த ஊருக்கு ஒன்று, பிழைக்கப்போன ஊருக்கு ஒன்று என்று யாரோ எனக்காகவே அச்சடித்துவைத்த மாதிரி இருந்தது :-)

வீட்டில் எல்லாம் எல்இடி ஆகிவிட்டது. அதன் கீழ் கோடுகள் ஒரே மங்கல். கடைசியில் பின்கட்டில், அம்மா மாற்ற மறுத்த பழைய ட்யூப்லைட் ஒன்று கைகொடுத்தது. அதன் அடியில் உட்கார்ந்து சிறிய திருப்புளியால் வேகத் திருகை இம்மி இம்மியாகத் திருப்பினேன். கோடுகள் ஊர்ந்தன, தயங்கின, நின்றன.

வட்டுகள் இன்னொரு பாடு. திருவனந்தபுரத்து ஈரக்காற்று ஆறு வட்டுகளில் வெள்ளைப் பூஞ்சையை வளர்த்திருந்தது. அப்படியே போட்டால் பூஞ்சை தலையில் அப்பி, வட்டையும் கீறிவிடும். உறையின் ஓரத்தை வெட்டி வட்டை வெளியே எடுத்து, மெதுவாகக் கழுவி, நிழலில் உலர்த்தி, காலியான வேறு உறையில் போட்டேன். கிரீஸ்வீசல் என்ற சிறிய பலகை டிரைவை யூஎஸ்பி வழியாக மடிக்கணினியோடு இணைத்தது. பதினொன்றில் ஏழு முழுசாக வந்தன. இரண்டு பாதி. இரண்டு போயே போச்சு. "அம்மா சொன்னது 2" பாதியில் சேர்ந்தது.

திறந்தால் ஒரே கிறுக்கல்! யூனிகோடு 1991-இல் தமிழைச் சேர்த்தது; ஆனால் அப்பா தட்டியது டாஸ் காலத்து மென்பொருளில். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துக் குறியீடு வைத்திருந்தது. 1984-இல் கனடாவில் ஸ்ரீனிவாசன் செய்த ஆதமி, 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் செய்த முரசு என்று வெளிநாட்டுத் தமிழர்கள் இராப்பகலாக உழைத்த காலம் அது. 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகுதான் பொதுக் குறியீடுகள் என்று ஏதோ ஒரு ஒழுங்கு வந்தது. நல்ல வேளையாக, டின்னின் அடியில் டாட் மேட்ரிக்ஸில் அச்சடித்த ஒரே ஒரு பக்கம் மடித்துக் கிடந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தக் குறி 'க', இந்தக் குறி கொம்பு என்று இரண்டு ராத்திரி பட்டியல் போட்டு, ஒரு சின்ன நிரலால் மாற்றினேன்.

மூன்றாம் நாள் காலையில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டி வள்ளியூரில் ஒருமுறை வண்டியைத் தவறவிட்டது, ஆரல்வாய்மொழிக் காற்று, சாலைக் கடைத்தெருவில் முதல் வாடகை வீடு. ஓரிடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னார். "அது பாட்டி சொன்னதில்லை. அப்பா சேர்த்தது. பாட்டி அப்படிப் பேசமாட்டா." எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாத பிழையை அம்மா காதாலேயே பிடித்தார். அந்த வரியை அழிக்கவில்லை. பக்கத்தில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

சோனி ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பதை நிறுத்தியது 2011 மார்ச்சில். வட்டுகளின் காந்தப்பூச்சு வருடா வருடம் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டின் இருந்தால், அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இறக்கிப் பாருங்கள். அதை எழுதிய டிரைவும் பக்கத்தில் இருந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். வாசித்துக் காட்ட ஆள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.