விளம்பரத்தோடு மோதிய விளம்பரம்

தியேட்டரில் படம் தொடங்கும் முன்பு, பஞ்சைப் பிழிவது போல நுரையீரலைப் பிழிந்து கறுப்பாகத் தார் எடுத்துக் காட்டும் அந்த விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பாப்கார்ன் வாங்கப் போக அதுதான் சரியான நேரம் என்று வைத்திருப்பவர்களும் உண்டு. நகைக்கடை விளம்பரம் வந்தால் யாரும் எழுந்து போவதில்லை. பொதுநல விளம்பரம் என்றால் மட்டும் கொட்டாவி வருகிறது. "நல்லதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. ஒரே பொருளைப் பற்றி, ஒரே தொலைக்காட்சியில், வணிக விளம்பரமும் பொதுநல விளம்பரமும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. இடம் அமெரிக்கா. காலம் 1967 முதல் 1970 வரை. பொருள் சிகரெட்.

அதற்கு முன்னால் அமெரிக்காவில் பொதுநல விளம்பரம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942ல், விளம்பரக் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து போர் விளம்பரக் கவுன்சில் என்ற அமைப்பைத் தொடங்கின. போர்க்கடன் பத்திரம் வாங்குங்கள், ரகசியத்தை வெளியே பேசாதீர்கள் என்பது போன்ற பிரச்சாரங்கள் அதன் வேலை. காட்டுத் தீயைத் தடுக்கச் சொல்லும் ஸ்மோக்கி கரடி 1944ல் பிறந்தது. போர் முடிந்த பிறகும் கவுன்சில் தொடர்ந்தது. எழுதுபவர்கள் இலவசமாக எழுதினார்கள், நிலையங்கள் இலவசமாக நேரம் கொடுத்தன. இலவச நேரம் என்றால் எந்த நேரம்? யாரும் காசு கொடுத்து வாங்காமல் மிஞ்சிய நேரம்! ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு வருவது. பொதுநல விளம்பரத்தின் பலவீனம் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது.

வணிக விளம்பரத்தின் பலம் வேறு இடத்தில் இருந்தது. மார்ல்போரோ முதலில் பெண்களுக்கான சிகரெட்டாகத்தான் விற்கப்பட்டது. 1950களின் நடுவில் சிகாகோவின் லியோ பர்னெட் விளம்பர நிறுவனம் அதை ஆண்பிள்ளைகளின் சிகரெட்டாக மாற்றியது. குதிரை, தொப்பி, திறந்த வெளி, மாடு மேய்க்கும் முரட்டு ஆள். புகையிலை எப்படி, விலை என்ன என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. விற்றது சிகரெட் இல்லை, வீரம். பொதுநல விளம்பரத்துக்கு இந்த வசதி கிடையாது. அது ஏதாவது ஒரு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் கேட்பவருக்குப் பிடிக்காத உண்மையை.

1964 ஜனவரி 11ஆம் தேதி அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி, புகைபிடிப்பதால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்ற அறிக்கையை வெளியிட்டார். நாடே பரபரப்பானது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கணக்கிட்டால் 1963ல் தலைக்கு 4,345 சிகரெட் என்று இருந்தது, 1964ல் 4,194 ஆகக் குறைந்தது. ஆனால் ஒரு வருடம்தான்! 1966ல் மீண்டும் 4,287. அந்த வருடம் முதல் பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் வேறு அச்சிட்டார்கள். பாக்கெட்டில் ஒரு வரி, தொலைக்காட்சியில் நாள் முழுக்கக் குதிரை வீரன். எது ஜெயிக்கும்?

அப்போதுதான் ஜான் பான்ஸாஃப் என்ற இளம் வக்கீல் வருகிறார். நியூயார்க்கில் இருந்த அவருக்கு வயது 26. அமெரிக்க ஒலிபரப்புத் துறையில் 1949 முதல் 'நியாயக் கோட்பாடு' என்று ஒரு விதி இருந்தது. சர்ச்சைக்குரிய பொது விஷயத்தில் ஒரு பக்கத்தை ஒளிபரப்பினால் மறுபக்கத்துக்கும் இடம் தர வேண்டும். அரசியல் விவாதங்களை மனதில் வைத்துச் செய்த விதி அது. பான்ஸாஃப் கேட்ட கேள்வி சின்னது: சிகரெட் நல்லது என்று காட்டும் விளம்பரமும் ஒரு பக்கம்தானே, மறுபக்கம் எங்கே? 1966 டிசம்பரில் டபிள்யூசிபிஎஸ் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் மறுத்தார்கள். மத்திய தகவல் தொடர்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தார். யாரும் எதிர்பார்க்காத விதமாக, 1967 ஜூனில் ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது! சரிபாதி நேரம் வேண்டாம், ஆனால் கணிசமான நேரம் தர வேண்டும் என்றார்கள். நடைமுறையில் ஏறக்குறைய மூன்று சிகரெட் விளம்பரத்துக்கு ஒரு எதிர் விளம்பரம் என்று ஆனது. நிலையங்களும் கம்பெனிகளும் கோர்ட்டுக்குப் போயின. 1968 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் முடிவு செல்லும் என்றது.

அமெரிக்கப் புற்றுநோய் சங்கத்தின் ஒரு விளம்பரம் இப்படி இருந்தது. அப்பா வீட்டுக்கு வண்ணம் அடிக்கிறார், குட்டிப் பையனும் அடிக்கிறான். அப்பா கார் கழுவுகிறார், பையனும் கழுவுகிறான். கடைசியில் மரத்தடியில் உட்கார்ந்து அப்பா சிகரெட் பற்ற வைக்கிறார். பையன் பக்கத்தில் கிடக்கும் பாக்கெட்டை எடுத்துப் பார்க்கிறான். அவ்வளவுதான். குதிரை வீரன் விளம்பரத்தைப் போலவே இதிலும் பேச்சை விடப் படம்தான் முக்கியம். இன்னொன்றில் வந்தவர் வில்லியம் டால்மன். 'பெரி மேசன்' தொடரில் வாராவாரம் தோற்றுப்போகும் அரசு வக்கீலாக நடித்து நாடு முழுக்கத் தெரிந்த முகம். நுரையீரல் புற்றுநோயால் தான் சாகப்போவது தெரிந்தும், புகைபிடிக்காதீர்கள் என்று கேமரா முன் உட்கார்ந்து சொன்னார். 1968 ஆகஸ்டில் அவர் இறந்தார். அதன் பிறகு அந்தப் படம் வீடுகளில் ஓடியது. இதற்கு எந்தக் கம்பெனி பதில் விளம்பரம் எடுக்க முடியும்?

கணக்கைப் பாருங்கள். 1967ல் 4,280. 1968ல் 4,186. 1969ல் 3,993. 1970ல் 3,985. அறிக்கையும் எச்சரிக்கை வாசகமும் சாதிக்காததை, மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்த விளம்பரங்கள் சாதித்தன. அதுவும் மிச்ச நேரத்தில் அல்ல, எல்லோரும் பார்க்கும் நேரத்தில் வந்ததால்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1969 ஜூலையில் சிகரெட் கம்பெனிகளின் சார்பில் ஃபிலிப் மோரிஸ் தலைவர் ஜோசப் கல்மன் அமெரிக்க செனட் குழு முன் வந்து, தொலைக்காட்சி, வானொலி விளம்பரங்களை நாங்களே நிறுத்திக்கொள்ளத் தயார் என்றார். எல்லாக் கம்பெனிகளும் கூடிப் பேசி நிறுத்தினால் ஏகபோகத் தடைச் சட்டம் பாயும், அதனால் அனுமதி வேண்டும் என்று கேட்டார். எதிர்ப்புத் தெரிவித்தது யார் தெரியுமா? நிலையங்கள்தான்! வருடத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல் வருமானம் போய்விடுமே. 1970 ஏப்ரல் 1ல் அதிபர் நிக்ஸன் தடைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தடை தொடங்கியது 1971 ஜனவரி 2. புத்தாண்டு அன்று கால்பந்துப் போட்டிகள் இருந்ததால் அந்த ஒரு நாள் சலுகை. ஜனவரி 1 நள்ளிரவுக்குச் சற்று முன், ஜானி கார்சன் நிகழ்ச்சியில் வெர்ஜீனியா ஸ்லிம்ஸ் விளம்பரம் ஓடியதோடு கதை முடிந்தது.

முடிந்தது ஒரு கதை மட்டும் அல்ல. சிகரெட் விளம்பரமே இல்லை என்றால் மறுபக்கம் எதற்கு? நிலையங்களுக்கு இருந்த கட்டாயம் போய்விட்டது. புகைக்கு எதிரான விளம்பரங்கள் மிகவும் குறைந்து, மிஞ்சியவை பழைய மிச்ச நேரத்துக்கே திரும்பின. கம்பெனிகளின் பணமோ பத்திரிகைகளுக்கும் சாலையோரப் பலகைகளுக்கும் போனது. அங்கே நியாயக் கோட்பாடு செல்லாது. வெர்ஜீனியா ஸ்லிம்ஸ் பெண்கள் டென்னிஸ், வின்ஸ்டன் கோப்பை கார் பந்தயம் எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவைதான். தலைக்கு சிகரெட் 1971ல் 4,037 ஆனது, 1973ல் 4,148. சிகரெட் விற்பனை ஏறி இறங்கப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் தடையை எதிர்த்து நிலையங்கள் போட்ட வழக்கில் 1971லேயே நீதிபதி ஸ்கெல்லி ரைட் தன் மாற்றுத் தீர்ப்பில் இதைத்தான் சுட்டிக் காட்டினார்: எதிர் விளம்பரங்கள் சிகரெட்டைப் பாதித்தன, அவற்றிலிருந்து தப்பிக்கவே கம்பெனிகள் தடையை ஏற்றுக்கொண்டன. ஒருவகையில் பொதுநல விளம்பரத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது!

மற்றப் பொருள்களுக்கும் இந்த வழி திறக்கும் போலத்தான் இருந்தது. பெரிய எஞ்சின் கார்களும் அவற்றுக்கான பெட்ரோலும் காற்றைக் கெடுக்கின்றன, அந்த விளம்பரங்களுக்கும் மறுபக்கம் வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் கேட்டன. ஆனால் 1974ல் ஆணையம், சாதாரணப் பொருள் விளம்பரங்களுக்கு நியாயக் கோட்பாடு இனிப் பொருந்தாது என்று கதவை மூடிவிட்டது. 1987ல் கோட்பாட்டையே கைவிட்டது. மீண்டும் பெரிய அளவில் புகைக்கு எதிரான விளம்பரம் வரக் காசு வேண்டியிருந்தது. 2000ல் 'ட்ரூத்' பிரச்சாரம் சிகரெட் கம்பெனிகள் மாநிலங்களோடு செய்த சமரசப் பணத்தில் நடந்தது. 2012ல் அமெரிக்க அரசே பணம் கொடுத்து நேரம் வாங்கி, முன்னாள் புகைப்பவர்களைப் பேச வைத்தது.

இந்தியாவில் அதே 2012ல் வந்த விதி, தெரிந்தோ தெரியாமலோ, பான்ஸாஃபின் வாதத்துக்கு மிக அருகில் நிற்கிறது. தொலைக்காட்சியில் புகையிலை விளம்பரம் 2000லேயே போய்விட்டது. ஆனால் சினிமாவில் கதாநாயகன் ஸ்டைலாகப் புகைவிடுவது யாரும் காசு கொடுக்காமலே நடக்கும் விளம்பரம்தானே! அக்டோபர் 2 முதல், அப்படிக் காட்சி உள்ள படம் தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி எதிர் விளம்பரம் போட வேண்டும், காட்சி வரும்போது திரையின் அடியில் எச்சரிக்கையும் ஓட வேண்டும். 2023 செப்டம்பரில் இணையப் படங்களுக்கும் இது வந்தது. 2013ல் இந்த வாசகத்தைத் தன் 'ப்ளூ ஜாஸ்மின்' படத்தில் போட ஹாலிவுட் இயக்குநர் வுடி ஆலன் ஒத்துக்கொள்ளவில்லை. படம் இந்தியத் தியேட்டர்களுக்கு வரவில்லை.