வில்லும் விரலும்

மயிலையிலே பங்குனித் திங்களில் அறுபத்துமூவர் விழா. மாடவீதிகளிலே மக்கள் வெள்ளம். உலா வரும் படிமங்களுள் ஒன்று, வேடர் குலத்துத் திண்ணனுடையது. கண்ணைப் பெயர்த்துக் கொடுத்தான், ஆகவே கண்ணப்பனானான் என்று கதை சொல்கிறார்கள். கேட்போர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கண்ணைப் பற்றிக் கதைப்போர், அவன் கையிலிருந்த வில்லைப் பற்றி வாய் திறப்பதில்லை. நாம் கேட்போம்: வில்லைச் செய்தது யார்?

வானத்திலிருந்து விழுந்ததா? வரமாக வந்ததா? இல்லை! கோடரியும் கத்தியும் கொண்டு, காட்டு மனிதன் கண்ட விஞ்ஞானம் அது. மரத்தை அவன் அறுப்பதில்லை, பிளக்கிறான். அறுத்தால் நாரோட்டம் அறுபடும், அறுபட்ட இடத்தில் வில் ஒடியும். பிளந்த கட்டையை நிழலில் உலர்த்துகிறான். பிடிக்கும் நடுப்பகுதியைத் தடிப்பாக விட்டு, இரு முனைகளையும் இளைக்கிறான். நாணேற்றிச் சிறிது சிறிதாக வளைக்கிறான். விறைத்து நிற்கும் இடத்தைச் சுரண்டுகிறான். இரு பக்கமும் ஒத்து வளையும் வரையில் ஓய்வதில்லை. ஒரு சீவல் மிகுந்தால், பல நாள் உழைப்பு பாழ்!

வளைந்த வில்லின் புறம் இழுபடும், அகம் அழுத்தப்படும். எனவே இங்கிலாந்தின் வில் செய்வோர், யூ மரத்தின் இழுவைக்குத் தாங்கும் வெளிறைப் புறத்திலும், அழுத்தத்துக்குத் தாங்கும் வைரத்தை அகத்திலும் அமைத்தனர். 1545-இல் மூழ்கி, 1982-இல் மேலே கொணரப்பட்ட மேரி ரோஸ் கப்பலிலே, அத்தகைய விற்கள் 100-க்கும் மேல் கிடைத்தன. 1415-இல் அஜின்கோர்ட் களத்திலே, கவசம் பூண்ட பிரபுக்களைக் கலங்கடித்தவர்கள், அவ்வில் ஏந்திய எளிய குடியினர்!

தமிழகத்திலோ, சிலை என்ற ஒரே சொல் மரத்துக்கும் பெயர், வில்லுக்கும் பெயர். வில்லைக் கொடியிலே பொறித்தான் சேரன். கொல்லிமலைத் தலைவன் ஓரியை, வல்வில் ஓரி என்றே வாழ்த்தினர் புலவர். அவன் புகழ் பாடும் புறநானூற்றை 1894-இல் அச்சேற்றினார் உ. வே. சாமிநாதையர், அவர் பெயரால் 1943-இல் அடையாற்றில் தோன்றிய நூல்நிலையம், இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது. அரசன் பெயர் ஏட்டிலே நின்றது. வில் செய்த வேட்டுவன் பெயர்?

பாரதக் கதை பதில் சொல்கிறது. வேட்டுவச் சிறுவன் ஏகலைவன், தானே கற்றான், தேர்ந்தான். கற்பிக்க மறுத்த துரோணர், கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டார். கதைதான், நடந்ததென்று நாம் நம்பவில்லை. ஆனால் அக்கதையைச் சொன்ன சமுதாயத்தின் மனம் கதையன்று! நாண் இழுக்கும் விரலை நறுக்கியவரின் பெயரால்தான், 1985 முதல் இந்திய அரசு சிறந்த பயிற்சியாளர்களுக்கு விருது வழங்குகிறது.

இராஜஸ்தானத்துப் பழங்குடி இளைஞர் லிம்பா ராம், மூங்கில் வில்லால் பழகியவர். 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காக வில் ஏந்தினார். 1991-இல் அவருக்குக் கிடைத்த விருதின் பெயர் அர்ச்சுனா! எவன் முதன்மைக்காக ஏகலைவன் விரல் பறிபோனதோ, அவன் பெயரே ஏகலைவன் இனத்தாருக்குப் பரிசு!

பிறப்பால் திறமை வருவதில்லை, வில்லே சான்று. மரம், குலம் கேட்டு வளைவதில்லை. அறிந்த கைக்கே வளைகிறது. அந்தக் கைகளுக்குக் கல்வி கொடுங்கள், களம் கொடுங்கள். காணிக்கை கேட்காதீர்கள்!